லைப்போ பேட்டரிக்கு சார்ஜரும் பவர் சப்ளையும் தேர்ந்தெடுப்பது எப்படி? சென்னையில் வாங்குபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் போய் லைப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) சார்ஜர் கேட்டால், "எத்தனை ஆம்பியர் வேணும் சார்?" என்றுதான் பெரும்பாலும் பதில் கேள்வி வரும். பெட்டியின் மேலும் ஆம்பியர்தான் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கும். ஆனால் ஒரு சார்ஜர் உங்கள் பேட்டரிக்குப் போதுமா என்பதை முடிவு செய்வது வாட். ஆம்பியரை மட்டும் பார்த்து வாங்கிவிட்டு, 6எஸ் (ஆறு செல்) பேட்டரி ஒன்று நிறைய மூன்று மணி நேரம் காத்திருப்பவர்கள் நிறைய பேர்.

ஆர்சி (ரிமோட்டில் ஓடும்) கார், விமானம், எஃப்பிவி (கேமராக் காட்சியைப் பார்த்து ஓட்டும்) ட்ரோன், கல்லூரி ரோபோ என எதற்காக வாங்கினாலும் வரிசை ஒன்றுதான். முதலில் பேட்டரியைப் பாருங்கள். அதிலிருந்து சார்ஜர், சார்ஜரிலிருந்து பவர் சப்ளை, பவர் சப்ளையிலிருந்து வீட்டு பிளக் பாயின்ட். மலிவாகக் கிடைத்தது என்று எஸ்எம்பிஎஸ்ஸை (வீட்டு மின்சாரத்தை டிசியாக மாற்றும் பவர் சப்ளை பெட்டி) முதலில் வாங்கிவிட்டு, அதற்குப் பொருந்தும் சார்ஜரைத் தேடுவது காசை இரண்டு முறை செலவழிக்கும் வழி.

முதல் படி: கையில் இருக்கும் பேட்டரியைப் படியுங்கள்

பேட்டரி மேல் மூன்று விஷயங்கள் எழுதியிருக்கும்: எத்தனை எஸ், எத்தனை எம்ஏஎச், எத்தனை சி. எஸ் என்பது வரிசையாக இணைத்த செல்களின் எண்ணிக்கை, எம்ஏஎச் என்பது கொள்ளளவு, சி என்பது அந்தக் கொள்ளளவோடு ஒப்பிட்ட ஆம்பியர் வேகம். ஒரு லைப்போ செல்லின் பெயரளவு வோல்டேஜ் 3.7, முழு சார்ஜில் 4.2. ஆக 3எஸ் என்றால் 11.1 வோல்ட், நிறைந்தால் 12.6. 4எஸ் நிறைந்தால் 16.8. 6எஸ் நிறைந்தால் 25.2.

பேட்டரியின் வகையையும் பாருங்கள். லைப்போ, லித்தியம் அயன், லைஃபே (லித்தியம் இரும்பு பாஸ்பேட்), எச்வி (கூடுதல் வோல்டேஜ்) லைப்போ எல்லாம் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கலாம். எச்வி லைப்போ 4.35 வோல்ட் வரை ஏறும். நீண்ட தூரம் பறக்கப் பயன்படுத்தும் 18650, 21700 லித்தியம் அயன் செல்கள் 4.2 வரை ஏறும், ஆனால் அவற்றில் பெரும்பாலானவை லைப்போவைவிட மெதுவாகத்தான் சார்ஜ் ஆக விரும்பும். லைஃபே செல்லின் பெயரளவு 3.2, முழு சார்ஜ் 3.65 வோல்ட் மட்டுமே. லைஃபே பேட்டரியை லைப்போ என்று சொல்லி சார்ஜில் போட்டால், சார்ஜர் அதை 4.2 வரை தள்ளப் பார்க்கும். அதனால் சார்ஜர் வாங்கும்போது இந்த நான்கு வகையும் மெனுவில் தனித்தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள். இன்று உங்களிடம் லைப்போ மட்டும் இருந்தாலும், ஒரு வருடத்தில் மற்றதும் வந்து சேரும்.

சி எண்ணில் ஒரு எச்சரிக்கை. பேட்டரி மேல் 100சி என்று இருப்பது வெளியே கொடுக்கும் வேகம். உள்ளே வாங்கும் வேகத்தைச் சிறிய எழுத்தில் வேறாகப் போட்டிருப்பார்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் 1சி என்று வைத்துக்கொள்ளுங்கள். 1500 எம்ஏஎச் பேட்டரிக்கு 1சி என்றால் 1.5 ஆம்பியர், 5000க்கு 5 ஆம்பியர். 3சி, 5சி வரை ஏற்றலாம் என்று தயாரிப்பாளரே எழுதியிருந்தாலும் என் பரிந்துரை 1சிதான். நம் ஊரில் அறையின் வெப்பமே 35 டிகிரியைத் தொடும். வெப்பமும் வேகமும் சேர்ந்தால் பேட்டரி சீக்கிரம் உப்பிவிடும்.

இரண்டாவது படி: வாட் கணக்கு

செய்ய வேண்டியது ஒரே ஒரு பெருக்கல்: முழு சார்ஜ் வோல்டேஜை சார்ஜ் ஆம்பியரால் பெருக்குங்கள்.

5 இஞ்ச் எஃப்பிவி ட்ரோனின் 4எஸ் 1500 எம்ஏஎச்: 16.8 × 1.5 = சுமார் 25 வாட். பெரிய ஆர்சி கார், ஹெலிகாப்டரின் 6எஸ் 5000: 25.2 × 5 = 126 வாட். மருந்து தெளிக்கும் விவசாய ட்ரோனில் வரும் 6எஸ் 22000: 25.2 × 22 = சுமார் 554 வாட். 25க்கும் 554க்கும் நடுவே எவ்வளவு தூரம் பாருங்கள். "நல்ல லைப்போ சார்ஜர் எது" என்ற கேள்விக்கு ஒரே பதில் இல்லாமல் போவது இதனால்தான்.

இப்போது கடையில் எளிதாகக் கிடைக்கும் ஐமேக்ஸ் பி6 வகையை எடுத்துக்கொள்வோம். அதன் அசல் வடிவம் 50 வாட், 5 ஆம்பியர். 5 ஆம்பியர் என்று இருக்கிறதே, 5000 எம்ஏஎச் பேட்டரிக்குப் போதும் என்று தோன்றும். 3எஸ் என்றால் கிட்டத்தட்ட சரிதான்: 50 வாட்டை 12.6ஆல் வகுத்தால் 4 ஆம்பியர் வருகிறது. அதையே 6எஸ் பேட்டரியில் மாட்டினால் 50 ÷ 25.2, அதாவது 2 ஆம்பியர்தான் போகும். திரையில் நீங்கள் 5 என்று வைத்தாலும் சார்ஜர் தன் வாட் எல்லையைத் தாண்டாது. 5000 எம்ஏஎச்சை 2 ஆம்பியரில் நிரப்ப இரண்டரை மணி நேரம், கடைசிக் கட்டத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

அந்தக் கடைசிக் கட்டம் என்ன? லித்தியம் சார்ஜ் இரண்டு பகுதியாக நடக்கும். முதலில் ஆம்பியர் ஒரே அளவில் நிற்கும், வோல்டேஜ் ஏறிக்கொண்டே போகும். செல் 4.2ஐத் தொட்டதும் வோல்டேஜ் அங்கேயே நிற்கும், ஆம்பியர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். அதனால் 1சியில் போட்டாலும் சரியாக ஒரு மணி நேரத்தில் முடியாது, ஒன்றேகால் மணி நேரம் வரை ஆகலாம். சார்ஜர் மெதுவாகிவிட்டது என்று இந்த நேரத்தில் ஆம்பியரைக் கூட்டிப் பயனில்லை.

ஒரே சமயத்தில் பல பேட்டரிகளைப் போடப் போகிறீர்களா? அப்படியானால் மொத்தத்தையும் கூட்டுங்கள். நான்கு 4எஸ் 1500 பேட்டரிகளை பேரலல் போர்டில் (பல பேட்டரிகளைப் பக்கவாட்டில் இணைத்து ஒன்றாகச் சார்ஜ் செய்யும் பலகை) சேர்த்தால் 6000 எம்ஏஎச் ஆன ஒரே பேட்டரி போல: 6 ஆம்பியர், சுமார் 101 வாட்.

இந்தக் கணக்கில் வரும் எண்ணைவிட ஒரு படி மேலே வாங்குங்கள். சிறிய ட்ரோன்கள் மட்டும் என்றால் 100 வாட் தாராளம். 6எஸ் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் 200 வாட்டுக்குக் குறையாமல் பாருங்கள். விவசாய ட்ரோன் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சின்ன சார்ஜர்கள் எதுவும் உதவாது. அவர்கள் ஒரு வாய்க்கு (அவுட்புட்டுக்கு) 500 வாட்டுக்கு மேல் தரும் பெரிய வகைக்குத்தான் போக வேண்டும்.

மூன்றாவது படி: சார்ஜரில் எதைப் பார்த்து வாங்குவது

வாட் பொருந்திவிட்டது என்றால் அடுத்து பேலன்ஸ் கரன்ட். பேட்டரியில் தடித்த மெயின் வயர் இரண்டு, அதனோடு சன்னமான வயர்கள் கொண்ட வெள்ளை கனெக்டர் ஒன்று இருக்கும். அந்த வெள்ளை கனெக்டர்தான் பேலன்ஸ் லீட், பெரும்பாலும் ஜேஎஸ்டி-எக்ஸ்எச் வகை. 4எஸ் பேட்டரிக்கு ஐந்து வயர், 6எஸ்ஸுக்கு ஏழு. இதன் வழியாகத்தான் சார்ஜர் ஒவ்வொரு செல்லையும் தனியாக அளக்கிறது, ஏறிப்போன செல்லைக் கொஞ்சம் கரைத்து மற்றவற்றோடு சமமாக்குகிறது. பழைய பி6 வகைகளில் இப்படிக் கரைக்கும் வேகம் 0.3 ஆம்பியர்தான். 5000 எம்ஏஎச் பேட்டரியில் ஒரு செல் 300 எம்ஏஎச் முந்தியிருந்தால் அதைச் சரிசெய்யவே ஒரு மணி நேரம். பெரிய பேட்டரி வைத்திருப்பவர்கள் 1 ஆம்பியருக்கு மேல் பேலன்ஸ் கரன்ட் உள்ள சார்ஜரைத் தேடுவது நல்லது.

மெயின் லீட் இல்லாமல் பேலன்ஸ் லீட் வழியாகவே சார்ஜ் செய்யும் பி3 வகைச் சின்ன சார்ஜர்கள் பல ஆர்சி கார்களோடு சேர்ந்தே வரும். அவை 2எஸ், 3எஸ் மட்டும் செய்யும், ஒரு ஆம்பியருக்குள்தான் ஓடும், ஸ்டோரேஜ் (நீண்ட நாள் சும்மா வைக்க ஏற்ற அளவில் நிறுத்தும்) வசதி கிடையாது, செல் வோல்டேஜையும் காட்டாது. பொம்மைக் காருக்கு அது போதும். அதற்கு மேல் வேண்டாம்.

டிஸ்சார்ஜ் வசதியும் பெரும்பாலான சார்ஜர்களில் எழுதியிருக்கும், அதன் வாட் எவ்வளவு என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. 5 வாட் டிஸ்சார்ஜ் உள்ள சார்ஜரில் நிறைந்த 6எஸ் 5000 பேட்டரியை ஸ்டோரேஜ் அளவுக்குக் கொண்டுவர பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவு முழுவதும் பக்கத்தில் உட்கார முடியுமா? பெரிய பேட்டரிகளை வெளியே ஒரு 12 வோல்ட் அல்லது 24 வோல்ட் பல்பில் மாட்டி, ஒவ்வொரு செல்லையும் செக்கரில் (செல் வோல்டேஜைக் காட்டும் சின்ன மீட்டர்) பார்த்துக்கொண்டே இறக்குவது இதைவிட வேகம். பல்பின் வோல்டேஜ் பேட்டரியின் வோல்டேஜுக்குப் பொருந்த வேண்டும்.

பிராண்ட் என்று பார்த்தால் ஸ்கைஆர்சி, ஐஎஸ்டிடி, ஹோட்டா, டூல்கிட்ஆர்சி ஆகியவை பரவலாகப் புழங்குகின்றன. பி6க்கு நகல்கள் ஏராளம். அவற்றில் வேலை செய்பவையும் உண்டு, ஆனால் செல் வோல்டேஜைத் தவறாக அளக்கும் நகலும் கையில் வரலாம். எந்த சார்ஜராக இருந்தாலும், முதல் சார்ஜ் முடிந்ததும் நல்ல மல்டிமீட்டரை பேலன்ஸ் லீட்டில் வைத்து ஒவ்வொரு செல்லையும் அளந்து பாருங்கள். 4.20 என்று திரை சொல்லும்போது மீட்டர் 4.18 முதல் 4.22க்குள் காட்டினால் சரி. 4.25க்கு மேல் காட்டினால் அந்த சார்ஜரைத் திருப்பிக் கொடுங்கள். இந்தச் சோதனையை ஒருவரும் தவிர்க்கக் கூடாது. நல்ல மீட்டர் ஒன்று இரவல் வாங்கியாவது செய்யுங்கள்.

அடுத்த கேள்வி, நேராக வீட்டு பிளக்கில் சொருகும் சார்ஜரா, வெளியிலிருந்து டிசி கேட்கும் சார்ஜரா? முதல் வகையில் பவர் சப்ளை உள்ளேயே இருக்கும். தனியாக எதுவும் வாங்க வேண்டாம், வயரிங் வேலையும் இல்லை. மின்சாரத்தில் கைவைத்துப் பழக்கமில்லாதவர்களும், பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்பவர்களும் இதையே வாங்குங்கள். குறை என்னவென்றால் அதே விலைக்கு வாட் குறைவு, உள்ளே சூடு அதிகம். இரண்டும் கலந்த வகையும் உண்டு. ஹோட்டா டி6 ப்ரோ வீட்டு மின்சாரத்தில் 200 வாட் தரும், தகுந்த டிசி கொடுத்தால் இரண்டு வாயும் சேர்த்து 650 வாட் வரை போகும். வீட்டிலும் மைதானத்திலும் பயன்படுத்துபவர்களுக்கு இந்த வகை மிகவும் பிடிக்கும்.

சின்ன ட்ரோன்காரர்களுக்கு இன்னொரு நல்ல வழி, டைப்-சி பிடி (பவர் டெலிவரி) வழியாக ஓடும் சார்ஜர். லேப்டாப்புக்கு வாங்கிய 65 அல்லது 100 வாட் அடாப்டரே பவர் சப்ளை ஆகிவிடும். 20 வோல்ட், 5 ஆம்பியர் என 100 வாட் வர வேண்டுமானால் கேபிளும் 5 ஆம்பியர் தாங்கும் சிப் உள்ள கேபிளாக இருக்க வேண்டும். சாதாரண டைப்-சி கேபிள் போட்டால் 3 ஆம்பியரோடு, அதாவது 60 வாட்டோடு நின்றுவிடும்.

நான்காவது படி: பவர் சப்ளை

பவர் சப்ளையில் இரண்டு எண்கள் சரியாக வேண்டும்: வோல்டேஜ், வாட்.

வோல்டேஜை முடிவு செய்வது சார்ஜரின் பின்பக்கம் எழுதியிருக்கும் இன்புட் எல்லை. பழைய ஐமேக்ஸ் பி6 11 முதல் 18 வோல்ட் வரைதான் ஏற்கும். 19.5 வோல்ட் லேப்டாப் அடாப்டரையோ 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ்ஸையோ அதில் மாட்டினால் சார்ஜர் போய்விடும். இன்றைய சார்ஜர்கள் பல 28 அல்லது 30 வோல்ட் வரை தாங்கும். எழுதியிருப்பதைப் படிக்காமல் எதையும் சொருகாதீர்கள்.

சார்ஜர் அனுமதித்தால் 24 வோல்ட்டையே எடுங்கள் என்பது என் உறுதியான பரிந்துரை. காரணம் எளிது. சார்ஜர் 300 வாட் வெளியே தர வேண்டுமென்றால், உள்ளே நடக்கும் இழப்பையும் சேர்த்து சுமார் 350 வாட் வாங்கும். 12 வோல்ட்டில் அது 29 ஆம்பியர். 24 வோல்ட்டில் 15க்கும் குறைவு. 29 ஆம்பியர் ஓடும் வயரும் ஸ்க்ரூவும் சூடாகும், வோல்டேஜ் இறங்கும், சார்ஜர் "இன்புட் லோ" என்று நிற்கும். அதோடு பல சார்ஜர்களுக்கு இன்புட் ஆம்பியரில் ஒரு எல்லை உண்டு. 12 வோல்ட் கொடுத்தால் பெட்டியில் எழுதிய வாட்டில் பாதிதான் வரும். வாங்கிய சார்ஜரின் முழு பலத்தையும் பார்க்காமலே வருடக்கணக்கில் ஓட்டுபவர்கள் உண்டு.

வாட் கணக்கு இதோ. சார்ஜரிலிருந்து நீங்கள் உண்மையில் எடுக்கப் போகும் வாட்டை 0.85ஆல் வகுங்கள், அதன் மேல் 20 சதவீதம் சேருங்கள். 200 வாட் எடுக்கப் போகிறீர்கள் என்றால் 235, அதோடு 20 சதவீதம், சுமார் 280. சந்தையில் அடுத்து கிடைக்கும் அளவு 350 வாட். மீன்வெல் எல்ஆர்எஸ்-350-24 என்ற மாடல் 24 வோல்ட்டில் 14.6 ஆம்பியர் தரும், அது இந்த வேலைக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். முழு பலத்தில் எப்போதும் ஓடாத எஸ்எம்பிஎஸ் நீண்ட நாள் உழைக்கும், நம் கத்திரி வெயிலில் அந்த 20 சதவீதம் ஆடம்பரமே இல்லை.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் எல்இடி போர்டுக்கும் சிசிடிவிக்கும் விற்கும் "12 வோல்ட் 30 ஆம்பியர்" தகரப் பெட்டிகள் ஒவ்வொரு கடையிலும் தொங்கும். இவற்றில் நல்லதும் உண்டு, 30 என்று எழுதி 18 கூடத் தராததும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க நடந்து போகும் தூரத்திலேயே புதுப்பேட்டை இருக்கிறது. அங்கே கார், பைக்கின் பழைய எச்4 ஹெட்லைட் பல்பு வாங்கலாம். 12 வோல்ட் 55 வாட் பல்பு ஒன்று சுமார் 4.5 முதல் 5 ஆம்பியர் இழுக்கும். நான்கைப் பக்கவாட்டில் இணைத்தால் 18 முதல் 20 ஆம்பியர். எஸ்எம்பிஎஸ்ஸில் இணைத்து, மல்டிமீட்டரை அவுட்புட் ஸ்க்ரூவில் வையுங்கள். அரை நிமிடத்தில் 12 என்பது 11.8க்குக் கீழே சரிந்தாலோ, விட்டு விட்டு அணைந்தாலோ, கருகல் வாசனை வந்தாலோ அது வேண்டாம். பல்பு கையைச் சுட்டுவிடும், செங்கல் மேல் வைத்துச் செய்யுங்கள். 24 வோல்ட்டுக்கு லாரி பல்பு.

அந்தத் தகரப் பெட்டிகளின் பக்கவாட்டில் 115, 230 என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், ஓட்டைக்குள் சிவப்பாகத் தெரியும். அது 230இல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மட்டும் மின்சாரம் கொடுங்கள். 115இல் இருக்கும்போது நம் 230 வோல்ட்டைக் கொடுத்தால் அந்த நொடியே வெடித்துவிடும். வோல்டேஜை நுணுக்கமாக மாற்றும் திருகாணி ஒன்றும் இருக்கும். வயர் இழப்பை ஈடுகட்ட அதில் அரை வோல்ட் ஏற்றலாம், சார்ஜரின் மேல் எல்லையைத் தாண்டாமல்.

பழைய கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ்? 60, 80 வாட் சார்ஜருக்குப் பரவாயில்லை. பச்சை வயரைக் கறுப்போடு சேர்த்தால் ஓடத் தொடங்கும், மஞ்சளும் கறுப்பும் 12 வோல்ட். லேபிளில் 450 வாட் என்று இருப்பதை நம்பாதீர்கள், அதில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்றால் உங்களுக்கு உதவும் பகுதி 216 வாட்தான்.

பழைய சர்வர் பவர் சப்ளைகள் நல்ல தரமானவை, 12 வோல்ட்டில் 40, 60 ஆம்பியர் தருபவைகூட உண்டு. ஆனால் இரண்டை வரிசையாக இணைத்து 24 வோல்ட் ஆக்கும் வேலையை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் தொடாதீர்கள். இவற்றில் மைனஸ் முனை பொதுவாக உலோக உடலோடும், உடல் எர்த்தோடும் இணைந்திருக்கும். இரண்டு உடல்களும் உரசினாலே மேலே இருக்கும் சப்ளை ஷார்ட் ஆகும். அதைத் தவிர்க்க எர்த்தை அறுத்துவிடச் சொல்பவர்கள் உங்கள் உயிரோடு விளையாடுகிறார்கள். 24 வோல்ட் வேண்டுமென்றால் 24 வோல்ட் சப்ளையையே வாங்குங்கள்.

ஐந்தாவது படி: வீட்டு மின்சாரமும் வயரிங்கும்

தகரப் பெட்டி எஸ்எம்பிஎஸ்ஸில் 230 வோல்ட் வரும் ஸ்க்ரூக்கள் வெளியே தெரியும்படி இருக்கும். பிளாஸ்டிக் மூடியைத் தூக்கினால் விரல் நேராகப் படும். அதை ஒரு பெட்டிக்குள் வையுங்கள், காற்று போக வழி விட்டு. குழந்தைகள் உள்ள வீட்டில் இது கட்டாயம். ஓட்டைகளுக்குக் கொசுவலைக் கம்பியும் வைத்துவிடுங்கள். பல்லி உள்ளே போய் ஷார்ட் ஆவது நம் வீடுகளில் சாதாரணமாக நடப்பது.

மூன்று பின் பிளக்தான், மூன்றாவது வயர் உண்மையில் எர்த் ஸ்க்ரூவுக்குப் போக வேண்டும். பழைய வாடகை வீடுகளில் சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருந்தும் எர்த் வராமல் இருக்கலாம். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே மல்டிமீட்டர் 230க்கு அருகில் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்) இருந்தால் இன்னும் நல்லது.

6 ஆம்பியர் சாக்கெட்டா, 16ஆ? 350 வாட் வரை 6 ஆம்பியர் சாக்கெட் போதும். 700, 800 வாட் என்று போகும்போது கணக்குப்படி 4 ஆம்பியர்தானே என்று தோன்றும். பவர் ஃபேக்டர் திருத்தம் இல்லாத மலிவு எஸ்எம்பிஎஸ்கள் உண்மையில் அதைவிட நிறைய ஆம்பியர் இழுக்கும், 6ஐத் தொட்டுவிடும். அதனால் 16 ஆம்பியர் சாக்கெட்டில் நேராகப் போடுங்கள். மெல்லிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் அயர்ன் பாக்ஸோடு சேர்த்துப் போடாதீர்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து சார்ஜருக்கு 12 கேஜ் சிலிகான் வயர், முடிந்த அளவு குட்டையாக, முனையில் எக்ஸ்டி60 கனெக்டர். பிளஸ் வயரில் கார்களில் போடும் பிளேடு ஃபியூஸ் ஒன்று, 24 வோல்ட் 350 வாட்டுக்கு 20 ஆம்பியர். ஸ்க்ரூவில் வெறும் வயரைச் சுற்றாமல் லக் (வயர் முனையில் மாட்டும் உலோக முனை) கிரிம்ப் செய்து இறுக்குங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர், கொட்டிவாக்கம் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்றில் கனெக்டர்கள் பச்சை பிடிக்கும். பச்சை பிடித்த எக்ஸ்டி60 சூடாகும், மாற்றிவிடுங்கள்.

கரன்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓட்டலாமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம். மாறும் நொடியில் சார்ஜர் நின்றுபோகலாம், வீட்டு ஃபேனுக்கு வைத்திருக்கும் பேட்டரியும் சீக்கிரம் தீரும்.

ஆறாவது படி: முதல் சார்ஜ்

சமதளமான டைல்ஸ் தரை. மேலே திரைச்சீலை, பக்கத்தில் மெத்தை, மரப்பலகை எதுவும் கூடாது. ஃபிளாட்டில் இருப்பவர்கள் வாசல் கதவுக்குப் பக்கத்தில் சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடித்தால் வெளியே ஓட வேண்டிய வழி அதுதான். பேட்டரியைப் பெரிய மண் தொட்டியிலோ, மூடியை இறுக்காத இரும்புப் பெட்டியிலோ வையுங்கள். லைப்போ பை என்று விற்பது கொஞ்சம் உதவும், அதை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு வாளி உலர்ந்த மணல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கனெக்டரில் வரிசை முக்கியம். முதலில் சார்ஜ் வயரை சார்ஜரில் மாட்டி, அதன் பிறகுதான் பேட்டரி. மாற்றிச் செய்தால் மறுமுனையில் இருக்கும் வாழைப்பழ பிளக்குகள் இரண்டும் உரசி பேட்டரியே ஷார்ட் ஆகும். மெயின் லீட்டுக்குப் பிறகு பேலன்ஸ் லீட். மெனுவில் வகை, செல் எண்ணிக்கை, ஆம்பியர் மூன்றையும் வாய்விட்டுப் படியுங்கள். 3எஸ் பேட்டரிக்கு 4எஸ் என்று வைப்பதும், லைப்போவை நிம்எச் (நிக்கல் பேட்டரி) மெனுவில் போடுவதும்தான் வீடுகளில் நடக்கும் பல ஆபத்துகளின் தொடக்கம். எப்போதும் "பேலன்ஸ் சார்ஜ்". கெபாசிட்டி வரம்பை பேட்டரியின் அளவைவிட 10, 20 சதவீதம் அதிகமாகவும், நேர வரம்பை இரண்டு மணியாகவும் வைத்தால், ஏதாவது தவறினாலும் சார்ஜர் தானே நின்றுவிடும்.

பறந்து இறங்கிய பேட்டரி கை பொறுக்காத சூட்டில் இருந்தால் ஆறும்வரை காத்திருங்கள். 45 டிகிரிக்கு மேல் லித்தியம் சார்ஜ் ஆகக் கூடாது. மே மாதம் வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்த அளவு சுலபமாகத் தாண்டும்.

சார்ஜ் ஓடும்போது வீட்டை விட்டுப் போகாதீர்கள், தூங்காதீர்கள். பேட்டரி உப்பத் தொடங்கினால் சுவிட்சை அணைத்து, முடிந்தால் மட்டும் வெளியே எடுத்துப் போங்கள். புகை வந்துவிட்டால் தொடாதீர்கள், அந்தப் புகையில் நச்சு அமிலம் உண்டு. மெயினை அணைத்து, எல்லோரையும் வெளியேற்றி, 101க்கோ 112க்கோ அழையுங்கள்.

பேரலல் போர்டில் போடுபவர்களுக்கு: ஒரே செல் எண்ணிக்கை, ஒரே வகை, செல்லுக்கு 0.1 வோல்ட்டுக்குள் வித்தியாசம், ஃபியூஸ் உள்ள போர்டு. அடிபட்ட பேட்டரியை அந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள்.

மைதானத்தில் சார்ஜ்

செங்கல்பட்டு பக்கம் ஏதாவது திறந்தவெளிக்குப் போகிறவர்களுக்கு கார் பேட்டரியே பவர் சப்ளை. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ்தான் இருக்கும், 100 வாட்டுக்கு மேல் அதில் எடுக்காதீர்கள். அதிகம் வேண்டுமென்றால் பானெட்டைத் திறந்து பேட்டரி முனையில் கிளிப் போடுங்கள். 45 ஏஎச் கார் பேட்டரியில் சுமார் 540 வாட் ஹவர் உண்டு, திரும்பி வர ஸ்டார்ட் ஆக வேண்டுமே, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். அந்தப் பங்கில் 4எஸ் 1500 பேட்டரிகள் ஏழெட்டு நிறையும். 6எஸ் 5000 என்றால் ஒன்றோடு சரி.

மழைக்காலத்துக்கு முன்

ஐப்பசி, கார்த்திகையில் மைதானம் எல்லாம் தண்ணீர். பல வாரம் பேட்டரி சும்மா கிடக்கும். நிறைந்த நிலையில் கிடந்தால் உப்பும், காலியாகக் கிடந்தால் செத்துப்போகும். சார்ஜரின் ஸ்டோரேஜ் மெனுவில் போட்டு, செல்லுக்கு 3.80 முதல் 3.85 வோல்ட்டில் நிறுத்தி, வீட்டின் குளிர்ச்சியான மூலையில் இரும்புப் பெட்டியில் வையுங்கள். மாதம் ஒரு முறை செக்கரில் அளந்து பாருங்கள். பொங்கல் வாக்கில் வெளியே எடுக்கும்போது ஏதாவது ஒரு செல் 3.0க்குக் கீழே இறங்கியிருந்தால், அந்தப் பேட்டரியை உயிர்ப்பிக்க முயலாதீர்கள். கனெக்டரை ஒவ்வொரு வயராக வெட்டி, டேப் சுற்றி, தெருக் குப்பைத்தொட்டியில் போடாமல் மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.